ஆளில்லாத கூத்துமாடம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் பாலக்காடு பக்கம் ஒரு பகவதி கோவிலில் இரவு தங்க நேர்ந்தது. நள்ளிரவுக்கு மேல் தோல்பாவைக்கூத்து நடந்துகொண்டிருந்தது. பாடியது தமிழ், கம்பராமாயணம்! எதிரே நானும் ஒரு நாயும்தான். யாரும் பார்க்காத ஒன்றை ஒருவர் எப்படி ஆயுள் முழுக்கச் செய்கிறார்? பாவை ஆட்டுபவரைப் புலவர் என்பதும் கொஞ்சம் அதிகமில்லையா?

ச., கோவை

அன்புள்ள ச.,

நாயாவது இருந்ததே. பல இரவுகளில் அதுவும் இருக்காது. ஆனால் பார்க்க ஆளில்லை என்று அங்கே சொல்லிவிடாதீர்கள். ராம ராவண யுத்தம் நடந்தபோது பகவதியான பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். அவள் பார்க்கத் தவறியதை வருஷா வருஷம் ஆட்டிக் காட்டுகிறார்கள். 7, 14, 21 இரவுகள் என்று கோவிலுக்குக் கோவில் கணக்கு மாறும்.

புலவர் என்பது அதிகமில்லை. ஒரு முறை நான் கூத்துமாடத்துக்குள், அதாவது கூத்து நடக்கும் மேடைக்குள், உட்கார்ந்திருக்கிறேன். 42 அடி நீள மாடம், திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள் வரிசையாக. எண்ணெய்ப் புகையில் கண் எரிந்தது. ராமன் சும்மா குத்திவைக்கப்பட்டிருந்தான். சுடர் அசையும்போதெல்லாம் திரையில் மூச்சு விட்டான். பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கை மட்டும்தான் அசையும். ஆக, ஆட்டுவதில் பெரிய வித்தை இல்லை. ஒருவர் விருத்தத்தைப் பாடி மலையாளம் கலந்த தமிழில் பொருள் சொல்வார். இன்னொருவர் மடக்கிக் கேள்வி கேட்பார். பேச்சு இலக்கணம், தர்க்கம், வைத்தியம் என்று எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பும். நூற்றுக்கணக்கான பாட்டும் அதன் உரையும் நெஞ்சில் இல்லாமல் அங்கே உட்கார முடியாது. சின்ன வயதில் ஆரம்பித்தால்தான் உண்டு. நம் குமரி மாவட்டக் கூத்து வேறு சங்கதி. அங்கே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிப் பாவைகளுக்கு ஜனம் சிரித்தாக வேண்டும்.

வருமானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கூத்து நடப்பது தை தொடங்கி கோடை வரை. வழிபாட்டுக்குப் பணம் கட்டியவர்களின் பெயர்களைப் பாவைகளைக் கொண்டே வாழ்த்துவார்கள். அந்தச் சில்லறையை வைத்துக்கொண்டு மழைக்காலத்தைத் தாண்ட முடியாது. ஷொறணூர் பக்கத்துக் கூனத்தறையில் கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்தைக் கோவிலுக்கு வெளியே மேடையேற்றியதை நான் அதனால்தான் குறை சொல்வதில்லை. அவர் மகன் ராமச்சந்திரப் புலவர் காந்தி கதையையும் பாவையாக்கினார். 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். சரி, மேடைக் கூத்து ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், கேள்வி கேட்டு மடக்க அதில் நேரம் ஏது? அந்தப் படிப்பு இன்னும் மிஞ்சியிருப்பது நீங்கள் பார்த்த ஆளில்லாத இரவுகளில்தான்.

அடுத்த முறை திரைக்கு எதிரே நிற்காதீர்கள். பின்பக்கம் போய் உள்ளே வரலாமா என்று கேளுங்கள். விளக்குக்கு எண்ணெய் ஊற்றச் சொன்னாலும் சொல்வார்கள்.