பிள்ளை பள்ளிக்கூடத்தில் சொன்ன ஒரு சொல்லுக்காகச் ‘சோசல்காரர்’ என்கிற சமூகப் பணியாளர்கள் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களா?

கேட்கப்பட்ட கேள்வி இது: “லண்டனில் இருக்கிறோம். மகன் இயர் 2 படிக்கிறான். ‘அம்மா அகப்பைக் காம்பால் அடிச்சவ’ என்று ரீச்சரிடம் சொல்லிவிட்டான். வியாழக்கிழமை வந்து கதைக்கும்படி பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பிள்ளையைப் பறித்துவிடுவார்களா? அங்கே போய் என்ன சொல்வது?”

நீங்கள் எழுதியது மட்டும்தான் நடந்தது என்றால், கொண்டுபோக மாட்டார்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வியாழன் வரைக்கும் நீங்கள் நித்திரை கொள்ள வேண்டும்.

நான் வடமேற்கு லண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளியில் குடும்பங்களுக்கு உதவும் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்னர் வகுப்பறை உதவியாளராக இருந்தேன். நீங்கள் கேட்ட கேள்வியை எங்கள் ஆட்கள் வாசலில் வைத்து, குரலைத் தாழ்த்தி, என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஆகவே உள்ளே என்ன நடக்கிறது என்பதை வடிவாகச் சொல்கிறேன்.

பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால், ரீச்சர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது. “ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்” என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கவும் கூடாது. பிள்ளை சொன்ன வசனத்தைத் திருத்தாமல், அதே சொற்களில் எழுதி, அன்றைக்கே டி.எஸ்.எல். என்று சொல்லப்படும் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அனேகமாகத் தலைமை ஆசிரியர், அல்லது துணைத் தலைமை ஆசிரியர். ரிசெப்ஷன் சுவரில் படம் போட்டிருப்பார்கள். அடுத்த தடவை போகும்போது பாருங்கள். மூன்று நாளாகச் சாப்பாட்டுப் பெட்டி வெறுமையாக வந்தது, வழமையாகக் கதைக்கிற பிள்ளை திடீரென்று பேசாமல் இருந்தது, எல்லாம் இப்படித்தான் பதிவாகும். உங்கள் மகனின் வசனத்தை எழுதிய ரீச்சருக்கு உங்கள் மேல் கோபம் இருக்கத் தேவையில்லை. எழுதாமல் விட்டால் அவர் தன் வேலையைச் செய்யவில்லை என்று ஆகிவிடும்.

பொறுப்பாளருக்கு முன்னால் இருக்கும் வழிகள் பல. பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்து அதோடு விடலாம். ‘ஏர்லி ஹெல்ப்’ என்று, குடும்பம் சம்மதித்தால் மட்டும் தரும் உதவிக்கு அனுப்பலாம். கவலை கூடினால் உள்ளூராட்சி சபையான கவுன்சிலுக்கு ரெஃபரல், அதாவது இந்தப் பிள்ளையைப் பாருங்கள் என்ற அறிவித்தல், போகும். அது கிடைத்து ஒரு வேலை நாளுக்குள் என்ன செய்வது என்று அங்கே ஒரு சமூகப் பணியாளர் முடிவெடுக்க வேண்டும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: உங்களோடு கதைப்பதால் பிள்ளைக்கு ஆபத்து கூடும் என்று நினைத்திருந்தால், உங்களுக்குச் சொல்லாமலே கவுன்சிலுக்கு அறிவித்திருப்பார்கள். உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என் அனுபவத்தில் அது நல்ல அறிகுறி. ஆனால் பொருளால் அடித்தது என்பதால், கதைத்த பிறகும் கவுன்சிலுக்கு அறிவிப்போம் என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னாலும் உடைந்துபோக வேண்டாம்.

இங்கிலாந்து முழுவதும் 2023-24இல் கவுன்சில்களுக்குப் போன ரெஃபரல்கள் 6 இலட்சத்துக்கு மேல். அதே ஆண்டில் கவுன்சில் பராமரிப்புக்குள் வந்த பிள்ளைகள் 33,000 அளவில். அந்தக் கணக்கிலும், தாய் தகப்பன் இல்லாமல் தனியே வந்து அடைக்கலம் கேட்ட பிள்ளைகள் சேர்த்தி. பெற்றோர் சம்மதிக்காவிட்டால் சமூகப் பணியாளர் தன்பாட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது; நீதிமன்றக் கட்டளை வேண்டும். பெரிய ஆபத்து என்று கண்டால் பொலிஸ் பிள்ளையைப் பாதுகாப்பில் எடுக்கலாம், அதுவும் கூடியது 72 மணி நேரம். 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் இவை இருக்கின்றன. விஷயம் நீதிமன்றம் வரை போனால் பெற்றோருக்கு இலவச வழக்கறிஞர் கிடைக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள்.

அதற்காக எல்லாம் சுகமாக முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. சமூகப் பணியாளர்கள் அடிக்கடி மாறுவார்கள், ஒரே கதையைப் புதிதாக வருபவரிடம் திரும்பச் சொல்ல வேண்டிவரும். எங்கள் வீட்டு நடைமுறை தெரியாதவர்கள் சில நேரம் தவறாக விளங்கிக்கொள்வார்கள். பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு வேறிடத்தில் விடச் சம்மதம் என்று ஒரு தாளை நீட்டினால், வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். கவுன்சிலோடு சிக்கல் வந்த குடும்பங்களுக்கு இலவச ஆலோசனை சொல்ல ஃபமிலி ரைட்ஸ் குரூப் என்று ஒரு தொண்டு அமைப்பு இருக்கிறது.

சரி, அடிப்பது இங்கே குற்றமா? ஸ்கொட்லாந்தில் 2020 நவம்பரிலிருந்து, வேல்ஸில் 2022 மார்ச்சிலிருந்து பெற்றோர் அடிப்பதற்குச் சட்டத்தில் எந்தச் சாட்டும் இல்லை. இங்கிலாந்தில் ‘நியாயமான தண்டனை’ என்று ஒரு வாதம் இன்னும் இருக்கிறது. ஆனால் கண்டல், காயம் வந்தால் 2004ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி அந்த வாதம் நிற்காது. பள்ளிக்கூடங்களைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளிகளில் 1987இலேயே பிரம்பை எடுத்துவிட்டார்கள். அகப்பையைப் பற்றி என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், நானும் பூவரசங்கம்பில் அடி வாங்கி வளர்ந்தவள்தான். அதனால் நான் நல்லாக வந்தேன் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

ஏன் இவ்வளவு கடுமையாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு பிள்ளையின் கதை இருக்கிறது. விக்டோரியா கிளிம்பியே. ஐவரி கோஸ்டிலிருந்து நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பித் தாய் தகப்பன் அனுப்பிவைத்த பிள்ளை. தகப்பனின் சித்தி முறையான ஒரு பெண்தான் கூட்டிவந்தாள். அவளும் அவளோடு இருந்த ஆணும் செய்த சித்திரவதையில் 2000 பெப்ரவரி 25 அன்று லண்டனில் அந்தப் பிள்ளை இறந்தது. வயது 8. உடலில் 128 காயங்கள். கவுன்சில்கள், பொலிஸ், ஆஸ்பத்திரிகள், எல்லாரும் இடையில் அந்தப் பிள்ளையைக் கண்டவர்கள். லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்திலும் சேர்க்கப்படவில்லை என்பதால், தினமும் முகத்தைப் பார்க்க ஒரு ரீச்சர் மட்டும் இருக்கவில்லை. 2003இல் லோர்ட் லேமிங் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் ஒரு இடம் என் மனத்தை விட்டுப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் பிள்ளை அசையாமல் விறைத்து நின்றதை, பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பது அவர்களின் பண்பாடு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பயத்தில் நின்ற பிள்ளை அது. “எங்கட கலாசாரத்தில் இது சாதாரணம்” என்று யாராவது என்னிடம் சொல்லும்போது எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வரும். 2004ஆம் ஆண்டுச் சட்டமும், ரீச்சர்மார் இப்படி ஒவ்வொன்றாக எழுதி வைப்பதில் உள்ள பிடிவாதமும் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வந்தவை.

அந்தக் கதையிலிருந்து எங்கள் ஆட்களுக்கு நேரே தொடர்புள்ள ஒரு சட்டமும் உண்டு. அப்பப்பா, அம்மம்மா, மாமா, மாமி, சித்தப்பா போன்ற நெருங்கிய உறவு அல்லாத ஒருவர் வீட்டில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை 28 நாளோ அதற்கு மேலோ விட்டால் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். ஊரில் செத்தவீடு என்று ஓடும்போது பிள்ளையை ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் இரண்டு மாதம் விட்டுவிட்டுப் போகிறோம். ஒன்றுவிட்ட அக்கா இந்தச் சட்டத்தில் நெருங்கிய உறவு இல்லை.

பள்ளிக்கூடம் எழுதி வைப்பதோடு நின்றுவிடுவதும் இல்லை. என் வேலையில் பெரும்பகுதி வேறு விஷயங்களில்தான் போகிறது. வாடகை கட்ட முடியாமல் வீட்டுக்காரன் எழும்பச் சொன்னால் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்போம். ஃபூட் பாங்குக்குப் போக ஒரு தாள் வேண்டும் என்றால் அதையும் நாங்கள் கொடுக்கலாம். சீருடை, குளிர் கோட்டு, காலைச் சாப்பாட்டு கிளப், ஒன்றுக்கும் வெட்கப்படத் தேவையில்லை. இயர் 2 வரைக்கும் மதியச் சாப்பாடு 2014இலிருந்து இங்கிலாந்தின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசம். லண்டனில் 2023 செப்டெம்பரிலிருந்து அரசு ஆரம்பப் பள்ளிகளின் மீதி வகுப்புகளுக்கும் மேயர் பணம் கொடுக்கிறார். விசாவில் ‘பொதுப்பணம் எடுக்க முடியாது’ என்று அடித்திருந்தாலும் பிள்ளைக்கென்று சில உதவிகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள் சண்டை நடந்து பொலிஸ் வந்தால், ‘ஆபரேஷன் என்கொம்பஸ்’ என்ற ஏற்பாட்டின்படி அடுத்த நாள் பள்ளிக்கூடம் தொடங்கும் முன்னர் பொறுப்பாளருக்குத் தகவல் வரும். அன்றைக்கு அந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால் ரீச்சர் அதட்டமாட்டார். ஒரு ஓரத்தில் இருத்தி, பாலும் பிஸ்கட்டும் கொடுத்து, படம் கீற விடுவார்கள். ஊரிலிருந்து கலியாணம் கட்டி வந்து, மொழி தெரியாமல், கணவர் இரவு வேலை, தான் பகல் முழுக்க ஒற்றை அறையில் என்று இருக்கிற பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் கனபேருக்கு டொக்டருக்கு அடுத்தபடி கதைக்கக்கூடிய ஒரே இடம் பள்ளிக்கூட வாசல்தான். 2009இல் யுத்தத்தில் கண்டதை இன்னும் நித்திரையில் காண்பவர்களும் அதே வாசலில்தான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைச் சொன்னால் பிள்ளையைப் பறிப்பார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். நான் பார்த்த வரைக்கும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. தாங்களாக வந்து “எனக்கு ஏலாமல் இருக்கு” என்று சொன்ன தாய்மாருக்கு உதவி சீக்கிரம் வந்தது. பள்ளிக்கூடம் தேடிப்போய்க் கேட்கும் நிலை வந்தபோதுதான் எல்லாம் விசாரணை மாதிரி ஆனது.

நேர்சரிப் பிள்ளைகள் உள்ளவர்கள் இதையும் வாசியுங்கள். எங்கள் பிள்ளைகள் சிலருக்குப் பிறக்கும்போதே முதுகிலும் பின்புறத்திலும் நீலம் பாரித்த மச்சம் இருக்கும். தெரியாதவர் பார்த்தால் அடித்த கண்டல் போலத் தெரியும். சின்னப்பிள்ளைகளைப் பார்க்க வரும் தாதியான ஹெல்த் விசிட்டரிடம் சொல்லி, பிள்ளையின் சுகாதாரப் பதிவான சிவப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

இன்னும் ஒரு எரிச்சல் எனக்கு. பள்ளிக்கூடத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று டி.பி.எஸ். என்ற குற்றப் பதிவுச் சோதனை செய்து, வெளியாள் வந்தால் கழுத்தில் வேறு நிறப் பட்டி மாட்டி, ஒரு கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக் கேள்வி கேட்கும் நாங்கள், ரியூஷன் மாஸ்டர் வீட்டு மேல்மாடியில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுக் காரில் இருந்து போன் பார்க்கிறோம். தனியாக ரியூஷன் கொடுப்பவர் டி.பி.எஸ். எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் நாங்கள்தான் கேட்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், நடன வகுப்பில், மிருதங்க வகுப்பில், எல்லா இடத்திலும் கேளுங்கள். மாஸ்டர் கோபித்தால் வேறு மாஸ்டர் பாருங்கள்.

இனி வியாழக்கிழமை. முடிந்தால் இரண்டு பேரும் போங்கள். ஆங்கிலம் தடக்கினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று இன்றைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கள், பணம் உங்களிடம் கேட்க மாட்டார்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள், சொந்தக்காரரும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எப்போது, ஏன், எத்தனை தடவை, தழும்பு வந்ததா. “அடிக்கவே இல்லை, பிள்ளை பொய் சொல்கிறான்” என்று மட்டும் சொல்ல வேண்டாம். பொறுப்பாளரின் காதில் அது, உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்ற கேள்வியாகத்தான் விழும். வேலை, நித்திரையின்மை, சின்னவன் இரவில் அழுவது என்று உங்களுக்கு உள்ள பாரத்தையும் சொல்லுங்கள். பிள்ளை சொல்வழி கேட்காதபோது என்ன செய்வது என்று கற்றுத்தரும் வகுப்பு இருக்கிறதா என்று நீங்களாகவே கேளுங்கள்; அனேகமான கவுன்சில்களில் இருக்கிறது. என்ன எழுதினார்கள் என்று பிரதி கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மகனிடம் இதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்காதீர்கள். “ஏன் சொன்னனி?” என்ற ஒரு கேள்வி வந்தால், நாளைக்கு வேறு யாராவது அவனைத் தொடக்கூடாத இடத்தில் தொட்டாலும் அவன் சொல்ல மாட்டான். கேட்டே ஆகவேண்டும் என்றால், அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேளுங்கள். வியாழன் முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதினால், அடுத்ததைச் சொல்கிறேன்.