ராஜினாமா கடிதத்தை இப்போது அனுப்பாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் ஆறு வருடமாக எக்சிகியூட்டிவாக இருக்கிறேன். சம்பளம் 5,200 வெள்ளி. நான் சேர்ந்தபோது மொத்தமே பதினாலு பேர். முதலாளியும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். இன்று தொண்ணூறு பேர். இரண்டு வருடத்துக்கு முன் வந்த மேலாளர் தன் பழைய கம்பெனி நண்பர்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து நல்ல பதவிகளில் உட்கார வைத்துவிட்டார். நான் வேலை பழக்கிவிட்டவர் இப்போது எனக்கு சூப்பர்வைசர். மீட்டிங்கில் பாதிக்கு மேல் மாண்டரினில் ஓடுகிறது. எச்.ஆரிடம் சொல்லியும் பயனில்லை. மனசே விட்டுப்போய் ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், பிரதியை இணைத்துள்ளேன். வேலையை விட வைத்ததற்காக நஷ்டஈடு கேட்கலாமா? ஆதாரத்துக்காக, ஓவர்டைம் கணக்குக்கென்று எனக்கு வந்த சம்பளப் பட்டியலையும் பதவி உயர்வு பற்றிய மின்னஞ்சல்களையும் என் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் எழுதியது நாலு பக்கம், இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன். ஆறு வருடம் உழைத்த இடத்தில் இப்படி ஓரம்கட்டப்படுவது லேசான விஷயம் இல்லை. ஆனாலும் மேலாளர் யாரோடு சாப்பிடப் போகிறார், எந்த வாட்ஸ்அப் குழுவில் உங்களைச் சேர்க்கவில்லை, பழக்கிவிட்டவருக்கே கீழே வேலை பார்க்க வேண்டியிருக்கிறதே என்பதெல்லாம் வழக்குக்கு உதவாது. தெரிந்தவனுக்குப் பதவி கொடுப்பது மோசமான நிர்வாகம். சட்டமீறல் இல்லை.

மாண்டரின் விஷயம் மட்டும் சற்று வேறு. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், இனம், மொழி, வயது, பாலினம் போன்ற காரணங்களுக்காகப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது நடைமுறைக்கு வருவது 2027 இறுதியில் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அதுவரை, நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டேஃபெப் (TAFEP) அமைப்பிடம் முறையிடலாம். அவர்கள் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், உங்களுக்குப் பணம் வாங்கித் தரமாட்டார்கள். அதற்குமே, ‘மாண்டரின் தெரியாததால்தான் பதவி இல்லை’ என்று யாராவது சொன்னதற்கோ எழுதியதற்கோ தடயம் வேண்டும். உங்கள் நாலு பக்கத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

எனவே சட்டத்துக்கு முக்கியமானது ஒரே ஒரு கேள்விதான்: நீங்களாகப் போகிறீர்களா, அனுப்பப்படுகிறீர்களா?

வேலை நியமனச் சட்டப்படி, கட்டாயத்தின் பேரில் எழுதிக் கொடுத்த ராஜினாமாவும் பணிநீக்கம்தான். 2019 ஏப்ரலிலிருந்து சம்பள வரம்பு இல்லாமல் மேலாளர், எக்சிகியூட்டிவ் எல்லாருக்கும் இது பொருந்துகிறது. ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். ‘இன்று சாயந்திரத்துக்குள் எழுதிக் கொடு, இல்லாவிட்டால் நாங்களே நீக்கிவிடுவோம்’ என்றால் அது கட்டாயம். சம்மதம் கேட்காமல் சம்பளத்தை வெட்டினால் வாதாட இடம் இருக்கிறது. மனசு விட்டுப்போவது கணக்கில் வராது. உங்களை யாரும் போகச் சொல்லவில்லை, சம்பளத்தில் ஒரு வெள்ளி குறையவில்லை. முதலாளி என் நம்பிக்கையைக் குலைத்துவிட்டார், அதனால் ஒப்பந்தம் முறிந்தது என்று சிலர் இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். அப்படி ஒரு கடமை முதலாளிக்கு உண்டா என்பதே இங்கு முடிவாகாத விஷயம் என்று உயர் நீதிமன்றத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு 2022ல் சொல்லிவிட்டது. அதை நம்பி வேலையை விடாதீர்கள்.

அப்புறம் உங்கள் கடிதம். ‘குடும்பக் காரணங்களுக்காக விலகுகிறேன். இத்தனை ஆண்டுகள் அளித்த வாய்ப்புக்கும் வழிகாட்டலுக்கும் மனமார்ந்த நன்றி.’ மரியாதைக்காக எழுதியிருப்பீர்கள், நற்சான்றுக் கடிதம் கிடைக்க வேண்டுமே என்றும் எழுதியிருப்பீர்கள். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுகிறோம். என்னிடம் வந்த ஒருவரை உண்மையிலேயே அறைக்குள் உட்கார வைத்து, ராஜினாமா எழுதச் சொல்லியிருந்தார்கள். அவரும் இதே நன்றியை எழுதினார். கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். அந்தப் படத்தை அவரே ‘மிஸ் யூ ஆல்’ என்று ஃபேஸ்புக்கில் போட்டார். சமரசப் பேச்சில் கம்பெனி எதையும் மறுத்துப் பேசவில்லை. கடிதத்தையும் படத்தையும் மேசைமேல் வைத்தார்கள், அவ்வளவுதான். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும், ஆனால் தாள் வேறு சொன்னது.

காலக்கெடு இன்னொன்று. தவறான பணிநீக்கம் என்று, வேலைத் தகராறுகளில் சமரசம் பேசி வைக்கும் டாடம் (TADM) அமைப்பிடம் போக, கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதம்தான். எச்.ஆர். பதில் சொல்லட்டும், கடைசிச் சம்பளம் வரட்டும் என்று காத்திருந்து அந்த ஒரு மாதத்தைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சம்பளப் பாக்கிக்கு ஆறு மாதம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, எல்லாம் சரியாக நடந்து வென்றே விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டாடத்தில் சமரசம் ஆகாவிட்டால் போக வேண்டிய வேலை நியமன நடுவர் மன்றத்தில் கேட்கக்கூடிய உச்ச வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000. வருமான இழப்புக்கு அதிகபட்சம் மூன்று மாதச் சம்பளம். அதிலும் அடுத்த மாதமே வேறு வேலை கிடைத்துவிட்டால் இழப்பு என்று காட்ட அதிகம் இருக்காது. வழக்கறிஞரும் அங்கே உங்கள் சார்பில் பேச முடியாது. தனியாக உட்கார வேண்டும்.

இனி உங்கள் ஜிமெயிலுக்கு வருகிறேன். நஷ்டஈட்டைவிட என்னைக் கவலைப்பட வைப்பது அதுதான்.

வேலையில் மனம் கசந்தவர்கள் எல்லாரும் இதைச் செய்கிறார்கள். ஆதாரம் சேர்ப்பதாக நினைக்கிறார்கள். ராஜினாமா கடிதம் போனதும் ஐடி பிரிவு முதலில் திறந்து பார்ப்பது வெளியே போன அஞ்சல்களைத்தான். நீங்கள் எதை, என்றைக்கு, எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று வரிசையாக இருக்கும். அந்த நிமிடத்தில் நீங்கள் புகார் கொடுத்தவர் என்ற நிலை மாறி, புகாருக்கு ஆளானவர் ஆகிவிடுகிறீர்கள். நோட்டீஸ் காலத்திலேயே விசாரணை வைத்து, ஒழுங்கீனம் என்று நோட்டீஸ் இல்லாமல் நீக்கலாம், போனஸும் போய்விடும்.

‘நான் யாருக்கும் விற்கவில்லையே, எனக்காகத்தானே வைத்திருக்கிறேன்’ என்பீர்கள். 2020ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு தந்தது. அதன்படி, தகவல் ரகசியமானது, அதைக் காக்கும் கடமை உங்களுக்கு இருந்தது, அனுமதியில்லாமல் எடுத்தீர்கள் என்று நிறுவனம் காட்டிவிட்டால் போதும். என் மனசாட்சியில் கறை இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எடுத்தவர் தலையில் விழும். எடுத்ததை வைத்துப் பணம் பண்ணினீர்களா என்று அவர்கள் காட்ட வேண்டியதில்லை. சம்பளப் பட்டியல் அதைவிடச் சூடானது. அதில் இருப்பது உங்கள் சம்பளம் அல்ல, மற்றவர்களுடையது. நிறுவனத்திடமிருக்கும் தனிநபர் தரவை அனுமதியில்லாமல் தெரிந்தே இன்னொருவருக்கு வெளியிடுவது 2021 முதல் தனிமனிதர்மேலேயே குற்றம்: 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. ‘பார் இந்த அநியாயத்தை’ என்று அந்தப் பட்டியலைத் தோழிக்கோ கணவருக்கோ அனுப்பியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அனுப்பியிருந்தால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

இதைப் படித்த பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். அழித்தது தெரியவந்தால் இன்னும் கேவலமாகத் தெரியும். திறக்க வேண்டாம், வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம், அச்செடுக்க வேண்டாம். என்னென்ன போயிருக்கிறது என்று ஒரு பட்டியல் மட்டும் எழுதி வையுங்கள். வேலை ஒப்பந்தம், உங்கள் சம்பளச் சீட்டுகள், உங்கள் பெயருக்கு வந்த மதிப்பீட்டுப் படிவங்கள் ஆகியவை உங்களிடம் இருப்பதில் தவறில்லை. தேதி போட்டு நீங்களே எழுதிய குறிப்பேடு இருந்தால் அது அந்த மின்னஞ்சல் குவியலைவிட மதிப்பு.

பெரும்பாலோர் கவனிக்காத பொறி, கடைசி நாளில் நீட்டும் படிவம். மடிக்கணினி, நுழைவட்டை, பார்க்கிங் லேபிள் என்று டிக் அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: நிறுவனத்தின் ஆவணமோ தகவலோ எந்த வடிவிலும் என்னிடம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். ஜிமெயிலில் அத்தனையும் இருக்கும்போது அந்தக் கையெழுத்து, தெரிந்தே சொன்ன பொய்.

இப்படிப்பட்ட நிலையில் நான் சண்டை போடச் சொல்லமாட்டேன். பேசி முடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். உங்கள் மனத்துக்கு இது கசக்கும், தெரியும். ஆனால் உங்கள் வழக்கு பலவீனம், அவர்கள் கையில் இருக்கப்போவது பலம். ஜிமெயில் விஷயம் அவர்களுக்கு இன்னும் தெரியாது. அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன், ஒழுங்காக ஒப்படைப்பதையும் சேர்த்தே பேசி முடிக்க வேண்டும்.

முதலாளியோடு ஆறு வருடப் பழக்கம் இருக்கிறது. மேலாளரை விட்டுவிட்டு அவரிடம் நேரம் கேளுங்கள். நியாயம் கேட்கப் போகாதீர்கள், தேதி பேசப் போங்கள். எழுத்தில் எது அனுப்பினாலும் ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ (without prejudice) என்று தலைப்பில் இருக்கட்டும், சமரசத்துக்காக எழுதியதைப் பின்னால் வழக்கில் உங்களுக்கு எதிராகக் காட்டாமல் இருக்கத்தான் அது. கேட்க வேண்டியவை: நோட்டீஸ் காலத்தைக் குறைத்து, அதற்கும் சம்பளம், மிச்ச விடுப்புக்குப் பணம், நல்லபடியாக ஒரு சான்றுக் கடிதம், நீங்கள் ஆவணங்களைத் திருப்பித் தந்து உறுதிமொழி எழுதித் தருவீர்கள், பதிலுக்கு அதன்மேல் நடவடிக்கை இல்லை என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். கடைசி விஷயத்தை நீங்களே வாயால் தொடங்காதீர்கள். அதை ஒரு வழக்கறிஞர் வழியாகத்தான் செய்ய வேண்டும். எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவர்கள் தரும் ஒப்பந்தத்தில் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற பத்தி புதிதாக முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே கையெழுத்துக் கேட்டால், சில நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

கோபத்தில் நாளையிலிருந்து போகாமல் இருந்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை நீங்கள் முறித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் நோட்டீஸ் இரண்டு மாதம் என்கிறீர்கள். அப்படியானால் நீங்கள்தான் அவர்களுக்கு 10,400 வெள்ளி கட்ட வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தில் போனஸ் பத்தியை எடுத்துப் படியுங்கள். ‘வழங்கும் நாளில் பணியில் இருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்திருக்கக் கூடாது’ என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கும். உங்களுடையதிலும் இருந்தால், பணம் வங்கியில் விழும்வரை ராஜினாமா என்ற சொல்லே உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது, பக்கத்து மேசைத் தோழியிடம்கூட. அந்தப் பக்கத்தையும், ஜிமெயிலுக்குப் போனவற்றின் பட்டியலையும், இரகசியக் காப்பு பற்றி நீங்கள் கையெழுத்திட்ட எதையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வேலை நியமன வழக்கறிஞரைப் பாருங்கள். முதலாளியைப் பார்ப்பது அதற்கு அப்புறம்.