குமரி முனை: கல், மணல், கடல் – வாசகர் கேள்விகள்

குமரி முனையைப் பற்றி வந்த கடிதங்களில் பலரும் கேட்டிருந்தவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில் எழுதியது கன்னியாகுமரி மாவட்டக் குழு.

கடலில் உதித்துக் கடலிலேயே மறையும் சூரியனைப் பார்க்கலாம் என்று நம்பி மே மாதம் வந்தோம். உதயம் சரி. அஸ்தமனத்தில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விட்டது. ஏமாந்தது நாங்கள் மட்டும்தானா? – திண்டுக்கல் வாசகர்

இல்லை, கோடை விடுமுறைக் கூட்டம் மொத்தமும் இப்படித்தான் ஏமாறுகிறது. முனையிலிருந்து மேற்கே போகும் கரை நேர் மேற்காகப் போவதில்லை. முட்டம் வரைக்கும் சுமார் 11 பாகை வடக்கே சாய்ந்து ஏறுகிறது. சூரியனோ ஜூன் மாதத்தில் மேற்கிலிருந்து 23 பாகைக்கு மேல் வடக்கே தள்ளி மறைகிறது. அப்புறம் அது கரைமேல் விழாமல் எங்கே விழும்? அக்டோபர் நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை கடலிலேயே மறையும். ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை அந்தப் பேச்சே வேண்டாம். இடைப்பட்ட வாரங்களில் நீங்கள் நிற்கும் இடத்தையும் எதிரே இருக்கும் கட்டடத்தையும் பொறுத்தது.

மே மாதம்தான் விடுமுறை என்றால் காலையில் குமரி முனை, மாலையில் முட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டத்துக்கு மேல் கரை வடமேற்காக நன்றாகத் திரும்பிவிடுவதால் அங்கே ஆண்டு முழுக்க அஸ்தமனம் கடலில்தான். சாலை வழி சுமார் ஒரு மணி நேரப் பயணம்.

உதயத்தில் இந்தச் சிக்கல் இல்லை, எல்லா மாதமும் கடல்தான். நேரம் மட்டும் மாறும்: மே கடைசியில் சுமார் 6 மணி, ஜனவரி கடைசியில் 6.40. விவேகானந்தர் பாறையில் நின்று உதயம் பார்க்க முடியுமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். முதல் படகே 8 மணி வாக்கில்தான் புறப்படும், ஆகவே முடியாது.

சித்திரைப் பௌர்ணமியில் மட்டும்தான் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒருசேரப் பார்க்கலாமாமே? – ராஜபாளையம் வாசகி

எல்லாப் பௌர்ணமியிலும் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் நிலா எழும். சித்திரைக்குப் பெயர் கிடைத்தது திருவிழாவால். உண்மையில் சித்திரைப் பௌர்ணமி மே மாதத்தில் வந்தால் சூரியன் கரைப்பக்கம் போய்விடுகிறது. இரண்டையும் கடலிலேயே பார்க்கத் தைப்பூசமும் மாசிப் பௌர்ணமியும்தான் எங்கள் சிபாரிசு. வானமும் அப்போது பெரும்பாலும் தெளிந்திருக்கும். கார்த்திகையில் மழைமேகம் கெடுத்துவிடும்.

நாள் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிலா தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. பஞ்சாங்கத்தில் சந்திரோதயம், சூரிய அஸ்தமனம் இரண்டையும் ஒப்பிட்டு, அஸ்தமனத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாக நிலா எழும் நாளை எடுங்கள். அடிவானப் புழுதியைத் தாண்டி நிலா கண்ணுக்குத் தெரிய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

திருவள்ளுவர் சிலைக்குச் சாரம் கட்டிக் காகிதக் கூழ் பூசுகிறார்களே, அது எதற்கு? கருங்கல்லை உப்பு என்ன செய்துவிடும்? – நாகர்கோவில் வாசகர்

38 அடி பீடம், 95 அடி சிலை, ஆக 133 அடி. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-இல் திறக்கப்பட்ட நாள் முதல் நாலாபுறமும் உப்புச் சாரலில் நனைந்துகொண்டே நிற்கிறது. கருங்கல் கெட்டிதான். ஆனால் அதிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. கணபதி ஸ்தபதி இதை ஒற்றைக் கல்லில் செதுக்கவில்லை, ஆயிரக்கணக்கான கற்களை அடுக்கிக் கட்டினார். ஆகவே இணைப்புகளும் ஏராளம். உப்புநீர் அவற்றுக்குள் இறங்குகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு மட்டும் உள்ளேயே படிகமாகத் திரள்கிறது. மறுநாள் சாரலில் கரைகிறது, மறுபடி திரள்கிறது. ஒவ்வொரு முறையும் படிகம் வளர இடம் தேடித் துளையின் சுவரை நெட்டித் தள்ளுகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் கல்லின் மேல்தோல் பொரிப்பொரியாகப் பெயரும்.

அதனால்தான் சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் பராமரிப்பு. 2022–23-இல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சிலையைக் கழுவி, இணைப்புகளைப் பூசி அடைத்து, காகிதக் கூழ் அப்பி உப்பை இழுத்து, கடைசியில் நீர் ஒட்டாத சிலிக்கோன் பூச்சு அடிக்கிறார்கள். கூழ் வேலை செய்யும் விதம் எளிது. நல்ல தண்ணீரில் ஊறிய கூழ் கல்லை நனைக்கிறது, உள்ளே இருக்கும் உப்பு கரைகிறது. கூழ் வெளிப்புறமிருந்து காயும்போது கல்லுக்குள் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது. ஈரத்தோடு உப்பும் கூழுக்கு வந்துவிடுகிறது. காய்ந்த கூழை உரித்தெடுத்தால் உப்பும் போயிற்று. ஒரு தடவையில் தீராது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கெடுவது எங்கே என்றால், உப்பு முழுக்க வெளியேறும் முன் மேல்பூச்சு அடிப்பதில். பூச்சுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட உப்பு, பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். இணைப்பில் சிமென்ட் அடைப்பதும் இதே வகைத் தப்பு. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, தன் பங்குக்கு உப்பையும் கொடுக்கும். பழங்கட்டடங்களில் சுண்ணாம்புக் கலவையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது பழமைப் பற்றால் அல்ல.

கடியபட்டணம், குளச்சல் பக்கம் வீட்டுச் சுவரில் உப்புப் பூக்கிறது என்று எழுதியவர்களுக்கும் இதே வைத்தியம்தான். முதலில் பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் ஊற்றினால் திரும்ப உள்ளே போய்விடும். மை இல்லாத வெள்ளைக் காகிதத்தை நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து அரைத்து, ஒரு விரல் கனத்துக்குச் சுவரில் அப்புங்கள். இடையில் காற்று நிற்காமல் அழுத்த வேண்டும். காற்று நின்ற இடத்தில் உப்பு வராது. நன்றாகக் காய்ந்து ஓரம் சுருண்ட பிறகு உரியுங்கள். உப்பு தீர்ந்ததா என்று பார்க்க, உரித்த கூழில் ஒரு துண்டைச் சுத்திகரித்த நீரில் கரைத்து வடிகட்டி, பள்ளி ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடச் சொல்லுங்கள். பால்போல் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது. ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பாக இருக்கும் வீடுகளில் அதைக் கூழுக்குப் பயன்படுத்த வேண்டாம். அது செலவு செய்து உப்பேற்றுவதாகும்.

கடல் அமைதியாக இருக்கும் நாளில்கூடப் படகு நிறுத்தம் என்று பலகை வைக்கிறார்களே? – தஞ்சாவூர் வாசகர்

அலை மட்டும் காரணமல்ல, தண்ணீர் குறைந்தாலும் நிறுத்துவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகமாவது போல வற்றமும் அதிகமாகும். இங்கே ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் படகு அணையும் இடம் பாறைகள் நிறைந்தது, அடிப்பலகை தட்டிவிடும். வள்ளுவர் பாறைப் பக்கம் இந்தத் தொல்லை அதிகம். விவேகானந்தர் பாறைக்குப் படகு போனாலும் வள்ளுவர் பாறைக்குப் போகாத நாட்கள் நிறைய இருந்தன. 2024 டிசம்பர் 30-இல் திறந்த கண்ணாடிப் பாலம் (77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்) அந்தக் குறையைத்தான் தீர்த்தது. விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே வள்ளுவரிடம் போய்விடலாம். அமாவாசை, பௌர்ணமி நாளில் வருகிறவர்கள் அன்றைய வற்ற நேரத்தைக் கேட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

முனையில் பொட்டலமாக விற்கும் பல நிற மணல் இயற்கையானதா, சாயமா? மாணவர்களுக்கு எப்படி விளக்குவது? – மார்த்தாண்டம் ஆசிரியை

பொட்டலத்தில் பச்சை, நீலம் இருந்தால் சந்தேகப்படுங்கள். கருப்பு, சிவப்பு, வெள்ளை, பழுப்பு இந்தக் கரைக்கு உரியவை. குமரி அம்மனுக்கும் சுசீந்திரம் தாணுமாலயனுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் தடைப்பட, சமைக்காத அரிசியும் பருப்பும் மணலாயிற்று என்பது ஊர்க்கதை. குறுணை போன்ற அந்த மணலைக் கையில் வாங்கிப் பார்த்தால் கதை கட்டியவர் கண் கூர்மை புரியும்.

கருப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், வெள்ளை பெரும்பாலும் குவார்ட்ஸ், தேன் நிறத்தில் அங்கங்கே மோனசைட். தண்ணீரை 1 என்று வைத்துக்கொண்டால் குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கார்னெட் சுமார் 4, இல்மனைட் சுமார் 4.7, மோனசைட் சுமார் 5. அலை ஏறும்போது எல்லாவற்றையும் அள்ளிவருகிறது. திரும்பும் நீருக்கு வேகம் குறைவு, லேசான குவார்ட்ஸை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆனி, ஆடிக் கடலுக்குப் பிறகு கரைமேட்டில் கருப்புப் படலம் தெரிவது இதனால்தான்.

வகுப்பில் செய்து காட்டுவது இப்படி. இரண்டு கைப்பிடி மணலை நல்ல தண்ணீரில் அலசி முழுக்கக் காயவையுங்கள். ஈரம் இருந்தால் மணிகள் ஒட்டிக்கொண்டு காந்த சோதனை கெட்டுப்போகும். காந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒட்டிய தூளைப் பிரிக்க முடியாது. சாதாரணக் காந்தத்துக்கு வருவது மாக்னடைட் என்ற இரும்புத் தாது மட்டும். அதை ஒதுக்கிவிட்டு வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கொண்டுபோனால் இல்மனைட் தாவி ஒட்டும், கார்னெட் கொஞ்சம் தயங்கி வரும். மீதியை விளிம்புள்ள தட்டில் தண்ணீரோடு சுழற்றிச் சாய்த்தால் குவார்ட்ஸ் ஓடிவிடும். கனமான மணிகள் தட்டின் மடிப்பில் தங்கும். உருப்பெருக்கியில் கார்னெட்டின் சிவப்பைக் காட்டுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுகொண்டதில்தான் மணவாளக்குறிச்சி மணல் தொழிலே தொடங்கியது. அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கனிமம் இது. வகுப்புக்குக் கைப்பிடி போதும், சாக்கில் அள்ளாதீர்கள்.

முக்கடலும் மூன்று நிறமாகத் தெரியுமா? – ஈரோடு வாசகர்

தெரியாது. நிறம் மாறித் தெரிவது ஆழம், கலங்கல், மேக நிழல் இவற்றால். பன்னாட்டு நீர்ப்பரப்பியல் அமைப்பின் எல்லைப்படி பார்த்தால் முனையின் இருபுறமும் இலட்சத்தீவுக் கடல்தான்.

விவேகானந்தர் பாறை எத்தனை காலமானது? கரைந்துவிடாதா? – தக்கலை கல்லூரி மாணவர்

கரையும், உங்கள் காலத்தில் அல்ல. இந்தக் கல் சார்னோகைட். கொல்கத்தாவில் ஆங்கிலக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடக்கும் சென்னைப் பக்கத்துக் கல்லைப் பார்த்து நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் உருமாறியது. கடைசியாக அப்படி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் அப்போது இதனோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அங்கேயும் இதே குடும்பத்துக் கற்கள் கிடைக்கின்றன.

உடைந்த புதுமுகம் எண்ணெய் தடவினாற்போல் கரும்பச்சையாக இருக்கும், வெயில்பட்ட முகம் பழுப்பு. வெடிப்புகளின் மூலைகள் முதலில் உதிர்வதால் பாறைகள் உருண்டு திரண்டு நிற்கின்றன. 1892 டிசம்பர் 25 முதல் 27 வரை விவேகானந்தர் அமர்ந்தபோது பாறை வெறும் பாறையாக இருந்தது. மண்டபம் 1970 செப்டம்பர் 2-இல் திறந்தது. அம்மன் பாதம் பதிந்ததாகச் சொல்லும் இடத்துக்கு ஸ்ரீபாத மண்டபம் இருக்கிறது, அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் குமரிக்கண்டம்? – அதே மாணவர்

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. முனைக்குத் தெற்கே அகன்று கிடக்கும் ஆழமில்லாத திட்டுகள் அன்று தரை. ஆகவே கடல் நிலத்தைக் கொண்டது பொய்யல்ல. கண்டம் அளவு நிலம் மூழ்கியதற்குச் சான்று இல்லை. லெமூரியா என்பது 1864-இல் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் என்ற விலங்குகளுக்காகச் சொன்ன யூகம். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்ததும் அது தேவையற்றுப் போயிற்று. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

காந்தி மண்டபத்தில் சூரிய ஒளி அக்டோபர் 2-இல் மட்டும்தான் விழுமா? – பாளையங்கோட்டை வாசகர்

சுவையான கேள்வி. அஸ்தி கலசம் வைத்த இடத்தில் அன்று நண்பகல் ஒளி விழும்படி கூரைத் துளையை அமைத்திருக்கிறார்கள். சூரியன் அதே உயரத்துக்கு ஆண்டில் இன்னொரு முறையும் வரும்: மார்ச் 11 வாக்கில். கணக்குப்படி அன்றும் விழ வேண்டும். அக்டோபரில் உச்சிவேளை கடிகாரப்படி சுமார் 12.09, மார்ச்சில் சுமார் 12.30. கூட்டம் பிடிக்காதவர்கள் மார்ச்சில் முயலலாம்.

வட்டக்கோட்டை பாண்டியர் கட்டியதா? – வள்ளியூர் வாசகர்

மீன் சின்னத்தைப் பார்த்துக் கேட்கிறீர்கள். இப்போது நிற்கும் கருங்கல் கோட்டை திருவிதாங்கூருடையது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அவரிடமே சேர்ந்து கட்டியது. அவர் 1777-இல் இறந்தார், கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. வட்டக்கோட்டை மதிலில் நிழல் கிடையாது, காலையில் போங்கள்.

பாறைகளில் எதுவரை இறங்கி நிற்கலாம்? – மதுரை வாசகி

பச்சையோ கருப்போ பாசி படிந்த கோடு தெரிகிறதல்லவா, அலை வழக்கமாக ஏறும் உயரம் அது. அதற்கு மேலும் ஓர் ஆள் உயரம் விட்டு நில்லுங்கள். இறங்கும் முன் கால் மணி நேரம் கடலையே பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாகத்தான் வரும், இடையில் கடல் அடங்கினாற்போல் இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஆட்கள் இறங்குகிறார்கள்.

கள்ளக்கடல், அதாவது முன்னறிகுறி இல்லாமல் எழும் பேரலை, வரும் என்று அறிவிப்பு இருந்தால் பாறைப் பக்கமே வேண்டாம். தெற்கே வெகு தூரத்துப் புயல்களில் கிளம்பிய அலை இங்கே வந்துசேரச் சில நாட்கள் ஆகும். வரும்போது உள்ளூரில் காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிலையம் இந்த அறிவிப்பை முன்கூட்டியே வெளியிடுகிறது. கடற்கரை ஊர்களில் ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள்.