வங்கிச் செக்கும் சதுரங்கச் செக்கும் ஒரே சொல்லா?

கேள்வி இதுதான்: காசோலையைச் செக் என்கிறோம், சரிபார்ப்பதைச் செக் பண்ணுவது என்கிறோம், கட்டம் போட்ட துணியைச் செக் என்கிறோம், சதுரங்கத்தில் அரசனுக்கு ஆபத்து வந்தாலும் செக் என்கிறோம், இவை தற்செயலாக ஒரே ஒலியில் அமைந்துவிட்ட வேறு வேறு சொற்களா, அல்லது ஒரே சொல்லின் கிளைகளா?

ஒரே மூலத்தின் கிளைகள்தாம். அந்த மூலம் பாரசீக மொழியில் அரசனைக் குறிக்கும் 'ஷா' என்ற சொல். நான் வங்கியில் பல ஆண்டுகள் காசோலைப் பிரிவில் இருந்தவன். ஒருநாள் கட்டம் போட்ட சட்டை அணிந்த பெரியவர் ஒருவர் கவுண்டருக்கு வந்து, "சார், இந்தச் செக்கைக் கொஞ்சம் செக் பண்ணிச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதில் இரண்டு செக்கும் அணிந்திருந்ததில் ஒன்றுமாக மூன்று செக்குகள் எதிரே நிற்பதைக் கண்ட பிறகுதான் இந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்குச் சென்ற ஆட்டம் என்பதும், தேர், யானை, குதிரை, காலாள் என்ற நால்வகைப் படையைக் குறிக்கும் பெயர் அங்கே 'சத்ரங்' என்றும் பின்னர் அரபியில் 'ஷத்ரஞ்ச்' என்றும் மாறியது என்பதும் பலருக்கும் தெரிந்தவை. எதிரியின் அரசனைத் தாக்கும் நிலையில் காயை வைக்கும்போது பாரசீகர்கள் 'ஷா' என்று குரல் கொடுத்தார்கள். 'உன் அரசனைப் பார்த்துக்கொள்' என்பது அதன் கருத்து. அந்த ஆட்டம் அரபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்தபோது இந்தக் குரலும் உடன் சென்றது. இலத்தீனில் அது 'ஸ்காக்கஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆகி, ஆங்கிலத்துக்கு வரும்போது முதல் அசையை உதிர்த்துவிட்டுச் 'செக்' என்று நின்றது. அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவத்திலிருந்து பிறந்ததுதான் ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரான 'செஸ்'. ஆகவே செஸ் என்பதும் செக் என்பதும் இலக்கண நோக்கில் ஒரு சொல்லின் பன்மையும் ஒருமையுமே. ரஷ்யர்கள் ஆட்டத்தையே 'ஷாக்மத்தி' என்கிறார்கள். அரசன் வீழ்ந்ததைச் சொல்லும் 'ஷா மாத்' என்ற தொடர் அப்படியே ஆட்டத்தின் பெயராகிவிட்டது.

ஷா என்பதற்கும் முந்தைய வடிவம் உண்டு. பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ், பெஹிஸ்துன் மலைப்பாறையில் ஏறத்தாழ கி.மு. 520 அளவில் வெட்டுவித்த கல்வெட்டில் தன்னை 'க்ஷாயதிய' என்று கூறிக்கொள்கிறான். ஆளுதல் என்று பொருள்படும் அந்த வேருக்கும் வடமொழியின் 'க்ஷத்ர' என்ற சொல்லுக்கும் உறவு உண்டு. வங்கிச் செக்கும் க்ஷத்திரியன் என்ற சொல்லும் தூரத்துப் பங்காளிகள் என்று சொன்னால் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். நாம் பாதுஷா என்கிறோமே (இனிப்பை அல்ல, மொகலாய மன்னரைச் சொல்கிறேன்), அதன் பின்பாதியும் இந்த ஷாதான்.

அரசனைக் குறித்த சொல் சரிபார்ப்பதைக் குறிக்கும் வினையானது எப்படி என்பதுதான் பலரும் தடுமாறும் இடம். செக் வைக்கப்பட்டவன் அதுவரை மனத்தில் போட்டுவைத்திருந்த எல்லாத் திட்டத்தையும் நிறுத்திவிட்டு அரசனைக் காப்பாற்ற வேண்டும். வேறு எந்தக் காயையும் விருப்பம்போல் நகர்த்த முடியாது. இந்தத் 'திடீர் நிறுத்தம்' என்ற உணர்வைப் பிடித்துக்கொண்டு, 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர்கள் அச்சொல்லைச் சதுரங்கப் பலகைக்கு வெளியே கொண்டுவந்து, தடுத்தல், அடக்குதல் என்ற பொருளில் ஆளத் தொடங்கினார்கள். ஐஸ் ஹாக்கியில் எதிரணி வீரரை உடலால் மறிப்பதைச் செக் என்பதும், அரசின் ஒரு பிரிவு மற்றொன்றின் அதிகாரத்தை வரம்புக்குள் வைப்பதை அமெரிக்கர்கள் செக் என்பதும் அந்தப் பழைய பொருளில்தான். நமது நெடுஞ்சாலைச் செக்போஸ்ட்டில் நிறுத்துதலும் சோதித்தலும் ஒரே கம்பத்தில் கட்டிக் கிடக்கின்றன.

அடக்குதலிலிருந்து சரிபார்த்தலுக்கு வர மேலும் மூன்று நூற்றாண்டுகள் ஆயின. ஒருவர் சொல்வதை ஓர் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொய்யாக இருந்தால் அங்கேயே தடுத்து நிறுத்துவது என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. வங்கியில் நாங்கள் செய்ததும் இதுவே. காசோலை மேசைக்கு வந்ததும் தேதியைப் பார்ப்போம், எழுத்தில் உள்ள தொகையும் எண்ணில் உள்ள தொகையும் ஒன்றா என்று பார்ப்போம், பிறகு கணக்குத் தொடங்கியபோது வாங்கி வைத்த மாதிரிக் கையொப்ப அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, தொடக்க எழுத்தின் சுழியும் கடைசிக் கோட்டின் இழுப்பும் ஒத்துப்போகின்றனவா என்று மாறி மாறி நோக்குவோம். ஒப்பிடுதல், ஐயம் வந்தால் நிறுத்துதல் என்ற இரண்டு வேலைகளும் ஒரே பார்வையில் நடந்தன.

இதுவரை சொன்னது குரலின் வழி. பலகையின் வழி என்று இன்னொன்று இருக்கிறது. எனக்கு அதுவே அதிகச் சுவையுடையதாகத் தோன்றுகிறது.

பிரிட்டன் நிதியமைச்சரின் பதவிப் பெயர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்பதே. எக்ஸ்செக்கர் என்பது சதுரங்கப் பலகையைக் குறித்த 'ஸ்காக்காரியம்' என்ற இலத்தீன் சொல்லின் பிரெஞ்சு வழித்தோன்றல். கருவூலத்துக்கும் சதுரங்கப் பலகைக்கும் என்ன தொடர்பு என்பதை ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற இங்கிலாந்துக் கருவூலத் தலைவர் 1170களின் இறுதியில் எழுதத் தொடங்கிய நூல் ஒன்று விளக்குகிறது. மாணவன் கேட்க ஆசிரியர் விடை சொல்வதாக அந்த நூல் அமைந்துள்ளது. இந்தத் தளத்துக்கு ஏறத்தாழ 850 ஆண்டு மூத்த கேள்வி பதில் என்று வைத்துக்கொள்ளலாம். 'இதற்கு ஏன் இந்தப் பெயர்?' என்று மாணவன் கேட்கிறான். சதுரங்கப் பலகையைப் போன்ற தோற்றமே காரணமாகப் படுகிறது என்கிறார் ஆசிரியர்.

அவர் காட்டும் காட்சி இது. பத்து அடி நீளமும் ஐந்து அடி அகலமும் உள்ள ஒரு மேசை. மேலே வைப்பவை உருண்டு விழாதபடி அதைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்தில் விளிம்பு. அதன்மீது கோடுகள் இட்ட கறுப்புத் துணியை விரிப்பார்கள். துணியின் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு மதிப்பு: வலது ஓரத்தில் பென்னி, அடுத்து ஷில்லிங், அடுத்து பவுண்டு, அதற்கப்பால் இருபதுகள், நூறுகள், ஆயிரங்கள். மாவட்டங்களில் வரி தண்டும் ஷெரீஃப் கணக்கொப்பிக்க வந்து எதிரே அமர்வார். அவர் செலுத்த வேண்டிய தொகைக்குரிய வில்லைகளை மேல் வரிசையிலும் செலுத்திய தொகைக்குரியவற்றைக் கீழ் வரிசையிலும் அடுக்குவார்கள். மேலிருந்து கீழதைக் கழித்தால் பாக்கி கண்ணெதிரே தெரியும். பூச்சியம் இல்லாத ரோமானிய எண்களைத் தாளில் எழுதிக் கழித்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் துணியின் அருமை புரியும். சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல இங்கே கருவூலத் தலைவரும் ஷெரீஃப்பும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீல் எழுதுகிறார். தணிக்கைக்கு ஆட்கள் வந்த நாட்களில் எங்கள் கிளையில் நிலவிய அமைதியை நினைத்தால், அவர் மிகையாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த மேசையருகே பற்றுச்சீட்டாகப் பயன்பட்டது காகிதம் அன்று, மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைத் தடிமனில் ஒரு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு வாற்கோதுமை மணி அளவு என்று குச்சியின் குறுக்கே வெட்டுகளை இட்டு, பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பின்னாளில் இரண்டு பாதிகளையும் சேர்த்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். ஒருவர் தன் பாதியில் கூடுதலாக ஒரு வெட்டு இட்டிருந்தால் அது அடுத்த பாதியில் இராது. இந்த முறை 1826 வரை நீடித்தது. தேங்கிக் கிடந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தின் உலைகளில் போட்டு எரித்தபோது தீ பரவி, அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதியே எரிந்துபோனது.

இரண்டு பாதிகளைப் பொருத்திப் பார்க்கும் இந்த எண்ணத்தின் காகித வடிவம்தான் வங்கிச் செக். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்று அழைக்கப்பட்டது பணம் வாங்கக் கொடுக்கும் தாள் அன்று. அதைக் கிழித்துக் கொடுத்த பின் புத்தகத்தில் எஞ்சி நிற்கும் அடிக்கட்டை. மோசடியைத் தடுத்து நிறுத்தும் கருவி என்பதால் அதற்கு அந்தப் பெயர். நாளடைவில் பெயர் அடிக்கட்டையிலிருந்து கிழிபட்ட தாளுக்குத் தாவியது. காசோலை என்ற பொருளே அதற்கு முன் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்; லண்டனில் 1659இல் 400 பவுண்டுக்கு எழுதப்பட்ட ஒன்று பழமையான எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுகிறது. பொருள் முன்பே இருந்தது, பெயர் பிறகு வந்தது. பிரிட்டனில் இதன் எழுத்துக்கூட்டலின் கடைசியில் 'க்யூ' எழுத்து நுழைந்தது எக்ஸ்செக்கர் என்ற சொல்லைப் பார்த்துப் பழகிய கையால். அமெரிக்கர்கள் பழைய எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றிய நமது 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் காசோலைக்கு இலக்கணம் கூறும்போது 'க்யூ' வடிவத்தையே ஆள்கிறது.

அரபியில் எழுத்து ஆவணத்தைக் குறித்த 'ஸக்' என்ற சொல்தான் வங்கிச் செக்கின் மூலம் என்ற விளக்கத்தையும் நீங்கள் படித்திருக்கக்கூடும். ஒலி ஒப்புமை கவர்ச்சியானது. அரபு வணிகர்களிடம் அத்தகைய ஆவணங்கள் வழங்கியதும் உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல் முதலில் அடிக்கட்டையைக் குறித்துப் பிறகே தாளைக் குறித்தது என்ற வரிசையை அந்த விளக்கத்தால் எதிர்கொள்ள முடிவதில்லை. ஆகவே நான் அதை ஏற்பதில்லை.

நம் சொல்லைப் பாருங்கள். காசோலை என்பதில் இருப்பது ஓலை. அடிக்கட்டை என்பதற்கு ஆங்கிலேயர் சொல்லும் கவுண்டர்ஃபாயில் என்பதில் உள்ள 'ஃபாயில்' என்பதும் இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. நம் அடிக்கட்டையிலோ கட்டை இருக்கிறது. மரக்குச்சியின் வரலாறு தெரியாமலே தமிழ் அந்த இடத்துக்குக் கட்டையையும் ஓலையையும் கொண்டுவந்து வைத்திருப்பதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி உண்டு. வங்கியில் நாங்கள் 'எத்தனை லீஃப் வேண்டும்?' என்றுதான் கேட்போம். பத்து லீஃப், இருபத்தைந்து லீஃப் என்றுதான் வாடிக்கையாளரும் சொல்வார்.

துணிக்கு வந்த செக் எளிதானது. எக்ஸ்செக்கர் என்பதன் முன்பகுதி உதிர்ந்து 'செக்கர்' ஆகி, சதுரங்கப் பலகை போன்ற வடிவத்தைக் குறித்து, மேலும் குறுகியது. மெட்ராஸ் செக் என்று உலகம் அறிந்த பருத்தித் துணி இங்கிருந்து போனதுதான். இந்த இடத்தில் தமிழ், ஆங்கிலத்திடம் எதையும் கடன் வாங்கவில்லை. சதுரங்கப் பலகையில் இருப்பதும் கட்டம், சட்டையில் இருப்பதும் கட்டம், சாதகத்தில் சனி உட்கார்ந்திருப்பதும் கட்டம், பேச்சுவார்த்தை மூன்றாவதாக அடைவதும் கட்டம். கேள்வி கேட்டவர் வெளிநாட்டவரிடம் தமிழ்க் கட்டத்தை விளக்க முயன்றால், ஆங்கிலச் செக் அவருக்கு அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

அமெரிக்க உணவகங்களில் சாப்பிட்டு முடித்ததும் 'செக்' கேட்பார்களே, அது பில். அடையாள வில்லை என்ற பொருளிலிருந்து வந்தது; மேலங்கியை ஒப்படைத்து வாங்கும் எண் பொறித்த வில்லையும் செக்தான். நாம் 'டிக்' அடிக்கும் குறியையும் அவர்கள் செக் என்கிறார்கள்.

உறவில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். செக்மேட்டில் உள்ள மேட், நண்பனைக் குறிக்கும் ஆங்கில மேட் அன்று. பின்னது உடன் உண்பவன் என்ற பொருளுள்ள ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது, முன்னதோ 'ஷா மாத்' என்பதில் உள்ள மாத். அதற்கு 'இறந்தான்' என்று அரபி வழியிலும், 'செய்வதறியாது நின்றான்' என்று பாரசீக வழியிலும் பொருள் கூறுகிறார்கள். ஆட்டத்தில் அரசன் வெட்டப்படுவதே இல்லை என்பதால் எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. செய்தித்தாள்களில் வரும் செக் குடியரசு, அந்த ஸ்லாவிய மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். ஷாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எண்ணெய் ஆட்டும் செக்கு நம்முடையது.