தழும்பில் வடியும் சீழ்: மைக்கோபாக்டீரியம் ஃபார்ட்டூயிட்டம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அம்மாவுக்கு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை அகற்றி ஐந்து வாரம் ஆகிறது. தொப்புளருகே உள்ள தழும்பு கட்டியாகிச் சீழ் வடிகிறது. ஏ.எஃப்.பி. பாசிட்டிவ் என்பதால் காசநோய் மாத்திரை தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்கலாமா?

பதில்: ஏ.எஃப்.பி. பாசிட்டிவ் என்றால், அமிலத்தில் கழுவியும் சாயம் போகாத கிருமி இருக்கிறது என்று மட்டுமே பொருள். காசநோய்க் கிருமிக்கும், மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் அதன் இனத்தாருக்கும் மெழுகு போன்ற ஒரே வகைச் சுவர் இருப்பதால், நுண்ணோக்கியில் எல்லாமே சிவப்புக் குச்சிகளாகத்தான் தெரியும். ஆறிவிட்டதாக நினைத்த தழும்பு மூன்று நான்கு வாரம் கழித்துக் கட்டியாவது இந்த நீர்க்கிருமிகளின் வழக்கம். சீழைச் சிபிநாட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சிபிநாட் நெகட்டிவாக வந்தால் நீர்க்கிருமி என்ற சந்தேகம் வலுக்கும். அவற்றில் ஒன்றான மைக்கோபாக்டீரியம் ஃபார்ட்டூயிட்டமாக இருந்தால், காசநோய் மருந்துகளான ஐசோனியாசிடும் பைரசினமைடும் அதை அசைக்காது, மாதங்கள் வீணாகும்.

கேள்வி: எனக்கும் இப்படித்தான். ஆனால் கல்ச்சரில் 'வளர்ச்சி இல்லை' என்று வந்துவிட்டதே?

பதில்: எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். வழக்கமான சீழ் கல்ச்சரை இரண்டு நாளில் முடித்துத் தட்டை எறிந்துவிடுவது பல ஆய்வகங்களின் பழக்கம். ஃபார்ட்டூயிட்டத்தை 'வேகமாக வளரும்' கிருமி என்பார்கள், ஆனால் அது காசநோய்க் கிருமியோடு ஒப்பிட்டுச் சொன்னது. அதற்குப் பல வாரங்கள், இதற்கு ஏழு நாளுக்குள். இரண்டாம் நாள் இரத்த அகாரில் (கிருமி வளர்க்கும் இரத்தம் கலந்த கூழ்த் தட்டு) பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. நான்காம் நாள் அதே தட்டை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால், கோடு இழுத்த இடமெங்கும் பொடி ரவையைத் தூவியதுபோல் வெளிறிய புள்ளிகள் தெரியும். ஒரு வாரம் வைக்கச் சொல்லிச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: குழந்தைகளுக்குத் தொற்றுமா?

பதில்: ஃபார்ட்டூயிட்டம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதில்லை.

கேள்வி (அறுவைசிகிச்சை மருத்துவர்): லேப்ராஸ்கோப்பிக் கருவிகளை 2 சதவீதக் குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைக்கிறோம். தவறு நோயாளிகள் வீட்டில் புண்ணைப் பேணாததுதான்.

கேள்வி (அறுவை அரங்கச் செவிலியர்): ஊறவைத்த பிறகு எந்தத் தண்ணீரில் அலசுகிறோம் என்பதையும் மருத்துவர் சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய இடத்தில் குழாய்த் தண்ணீர்தான்.

பதில்: செவிலியர் சொல்வதே சரி. மருத்துவர் அவர்களே, அந்த 20 நிமிடம் உயர்நிலைக் கிருமிநீக்கத்துக்கு உரியது; முழுமையான கிருமியழிப்புக்குப் பத்து மணி நேரம் வேண்டும். லேப்ராஸ்கோப்பிக் கருவியின் கீல் மூட்டிலும் காப்பு உறைக்கு அடியிலும் இரத்தமும் திசுத் துணுக்கும் ஒட்டியிருந்தால், கரைசல் அங்கே போய்ச் சேராது. அப்படியே சேர்ந்து கொன்றாலும், குழாய் நீரில் அலசும்போது புதிய கிருமிகளை நாமே ஏற்றிவிடுகிறோம், ஏனென்றால் இவை குழாயின் உட்புறத்தில் வழவழப்பான படலமாகப் படிந்து குளோரினைத் தாங்கி வாழ்பவை. 2004க்குப் பின் பிரேசிலில் லேப்ராஸ்கோப்பி நோயாளிகளிடம் பரவிய இதன் நெருங்கிய இனமான அப்செஸ்சஸ் வகை, குளூட்டரால்டிஹைடையே தாங்கியது. நோயாளியைக் குறைசொல்லும் முன், கருவியைக் கழற்றித் தேய்த்துக் கழுவி ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமியழிப்பு) செய்யுங்கள்; கரைசலைத் தவிர்க்க முடியாவிட்டால் கிருமியழித்த நீரில் மட்டும் அலசுங்கள்.

மருத்துவர்: எல்லாக் கருவியும் ஆட்டோகிளேவைத் தாங்காது.

பதில்: தாங்காதவற்றுக்கு, அதிக வெப்பமின்றிக் கிருமியழிக்கும் எத்திலீன் ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மாவும் இருக்கின்றன. குழாய்த் தண்ணீருக்கு அதில் இடமே இல்லை.

கேள்வி: அழகு நிலையத்தில் பெடிக்யூர் செய்தால் வருமா?

பதில்: வந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரே நிலையத்தின் வாடிக்கையாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காலில் ஃபார்ட்டூயிட்டம் கட்டிகள் வந்தன. கால் ஊறவைக்கும் சுழல்தொட்டியின் வடிகட்டிக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் சேர்ந்திருந்தன. கால் முடியை முன்னதாக மழித்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது.

கேள்வி: ஏ.எஃப்.பி. பாசிட்டிவ் என்றால் காசநோய்தானே?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இதே கேள்வி மேலும் ஆறு பேரிடமிருந்து வந்திருக்கிறது. அவர்களுக்கும் அதுவே பதில்.

கேள்வி: மாமாவுக்கு ஃபார்ட்டூயிட்டம் உறுதியாகிவிட்டது. கிளாரித்ரோமைசின் மட்டும் போதுமா?

பதில்: போதாது. இக்கிருமியிடம் உள்ள ஒரு மரபணு, அந்த மருந்து பட்ட பிறகே விழித்துக்கொண்டு அதைச் செயலற்றதாக்கும். அமிக்காசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றில் எவை கேட்கும் என்று மருந்துணர்திறன் சோதனை பார்த்து, குறைந்தது இரண்டை ஏறத்தாழ நான்கு மாதம் தருவார்கள். ஆழமான கட்டியை அறுத்தும் எடுக்க வேண்டியிருக்கும். அளவை நான் சொல்லக் கூடாது, அவரை நேரில் பார்க்கும் மருத்துவரே சொல்ல வேண்டும்.