நிதியங்களின் ஒப்ஷன் கணிதமும் உங்கள் மகளின் எதிர்காலமும்

மதிப்புக்குரிய ஐயா,

தலவாக்கலையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. உயர்தரத்தில் இணைந்த கணிதத்தில் நல்ல பெறுபேறு பெற்றுள்ள உங்கள் மகள், பரஸ்பர நிதியங்களின் (பலரின் பணத்தைத் திரட்டிப் பங்குகள் போன்றவற்றில் முதலிடும் நிதிகளின்) மீது எழுதப்படும் ஒப்ஷன்களுக்கு விலை கணிக்கும் துறையை விரும்புவதாகவும், அதற்கெனக் கொழும்பில் நடக்கும் குறுகியகாலப் பாடநெறியொன்றுக்கு உங்கள் சேமலாப நிதிப் பணத்தைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பணத்தைக் கொடுக்க வேண்டாம். ஆனால் மகளின் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கவும் வேண்டாம்.

இது சூதாட்டமா என்ற உங்கள் அச்சம் நியாயமானதே; ஆனால் ஒப்ஷனின் விலைக்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. ஒப்ஷன் என்பது ஒரு சொத்தைக் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ ஒருவர் பணம் கொடுத்துப் பெறும் உரிமை. அதை விற்றவர், அடிப்படைச் சொத்தைத் தொடர்ந்து வாங்கியும் விற்றும் தம் பொறுப்பை ஈடுசெய்ய முடியுமாயின், அந்த ஈட்டுக்கு ஆகும் செலவே உரிமையின் விலை என்பது 1973இல் பிளாக், ஷோல்ஸ், மேர்ட்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுகளின் சாரம்.

நிதியங்களில் அந்த ஈடு எளிதில் அமைவதில்லை. உங்கள் மகளை ஈர்த்திருப்பதும் அந்தச் சிக்கலாகத்தான் இருக்க வேண்டும். அமெரிக்கப் பரஸ்பர நிதியங்களின் அலகு விலை நாளுக்கு ஒரு தடவை, வழமையாக நியூயோர்க் சந்தை மாலை 4 மணிக்கு மூடிய பின்னர் கணிக்கப்படுவதால், கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பின்னர் விலையை அறியும் சிறுதோட்டக்காரரைப் போலவே, நிதிய அலகை வாங்கக் கட்டளையிடுபவரும் விலை தெரியாமலே வாங்குகிறார். நிதிய அலகை வாங்கும் உரிமையை ஒருவருக்கு விற்ற வங்கி, அந்த அலகுகளை வாங்கி வைத்தாவது சமாளிக்கலாம். விற்கும் உரிமையை விற்றிருந்தாலோ, விலை விழும்போது வரும் நட்டத்தை ஈடுசெய்ய அலகுகளைக் கடன் பெற்று விற்க வேண்டியிருக்கும். சாதாரண பரஸ்பர நிதியத்தில் அதற்கு வழியில்லை. ஆகவே நிதியத்தோடு சேர்ந்து அசையும் சந்தைச் சுட்டெண்ணின் எதிர்கால ஒப்பந்தங்களை (பின்னொரு நாளுக்கான விலையை இன்றே நிர்ணயிக்கும் ஒப்பந்தங்களை) விற்று ஈடு தேட நேர்கிறது. நிதிய முகாமையாளர் முதலீடுகளை மாற்றும்போதெல்லாம் அந்தப் பொருத்தம் குலைகிறது. அரிதாகவே கைமாறும் சொத்துகளை வைத்திருக்கும் நிதியத்தில் பழைய விலைகளே கணக்கில் நீடிப்பதால், அதன் தளம்பல் (விலை ஏறி இறங்கும் அளவு) உண்மையிலும் குறைவாகத் தோன்றி, ஒப்ஷனை மலிவாக விற்கும் ஆபத்தும் உண்டு. நிதிய முதலீட்டோடு, விற்கும் உரிமையை ஒத்த உத்தரவாதமும் சேர்த்து விற்ற வட அமெரிக்க ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் சில, 2008இல் சந்தை சரிந்தபோது பெரும் நட்டம் கண்டன.

இப்போது வேலையைப் பற்றி. நம் நாட்டிலும் யூனிட் ட்ரஸ்ட்கள் என்ற பெயரில் இத்தகைய நிதியங்கள் உள்ளன. ஆனால் அவற்றின் மீது ஒப்ஷன் எழுதுவதை மட்டுமே நம்பி இங்கு ஒருவர் தொழில் தேட முடியாது. ஆயினும் அதே கணிதத்துக்குக் காப்புறுதி நிறுவனங்களின் அக்சுவரி (எதிர்கால இடர்களையும் அவற்றின் செலவையும் கணிக்கும்) பிரிவுகளிலும், வங்கிகளின் இடர் முகாமைத்துவப் பிரிவுகளிலும், வெளிநாட்டு நிதி நிறுவனங்களுக்குப் பகுப்பாய்வு செய்து கொடுக்கும் கொழும்பு அலுவலகங்களிலும் இடமுண்டு. அங்கே பாடநெறிச் சான்றிதழை விட, நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் கணினி நிரலாக்கமும் அறிந்த பட்டதாரிக்கே மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

எனவே பேராதனை, கொழும்பு போன்ற பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான பீடங்களை விண்ணப்பத்தில் முன்வரிசையில் இடச் சொல்லுங்கள். மாவட்ட ஒதுக்கீட்டோடு, பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீடும் நுவரெலியா மாணவர்களுக்கு உண்டு. அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் கட்டணமும் இல்லை. புள்ளிவிபரவியலைச் சிறப்புப் பாடமாக எடுத்தால், பிரித்தானிய அக்சுவரி நிறுவகத்தின் பரீட்சைகளைப் பட்டப்படிப்பின்போதே எழுதத் தொடங்கலாம். அவற்றின் கட்டணம் பவுணில் என்பதால், உங்கள் பணத்தின் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கி வைப்பது நல்லது.

எனக்குள்ள கவலை ஆங்கிலம் பற்றியதே. தமிழ்மொழி மூலம் படித்த நம் பிள்ளைகள், விஞ்ஞான பீடத்தின் முதலாண்டில் கணிதத்தால் அல்ல, விரிவுரையின் மொழியால் தடுமாறுகிறார்கள். அனுமதி கிடைக்கும்வரை உள்ள நீண்ட மாதங்களில் அவர் ஆங்கிலத்தையும் பைதன் நிரலாக்கத்தையும் பயிலட்டும்; வெட்டுப்புள்ளி வெளியானதும் அவருடைய இசட் புள்ளியைக் குறிப்பிட்டு எனக்கு எழுதுங்கள்.