போதைப்பொருள் கடத்தல் வழக்கில் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு என்றால் என்ன?

விசாரணை நீதிமன்றம் அளித்த தீர்ப்பு சட்டப்படியும் சாட்சியப்படியும் சரிதானா என்று உயர் நீதிமன்றத்தைப் பரிசீலிக்கக் கேட்பதே மேல்முறையீடு. இந்தியாவில் இதைத் தீர்ப்பு வந்த 60 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விடைத்தாள் மறுமதிப்பீட்டைப் போன்றது இது; புதிதாகத் தேர்வு எழுத முடியாது, எழுதியதையே வேறொருவர் திருத்துவார்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் (NDPS) சட்டப்படி வணிக அளவு போதைப்பொருளுக்கு (கஞ்சா என்றால் 20 கிலோவுக்கு மேல்) குறைந்தபட்சமே 10 ஆண்டு கடுங்காவல். பொருள் ஒருவர் வசம் இருந்தது நிரூபிக்கப்பட்டால், அது தெரியாமல் இருந்தது என்று காட்டும் சுமையும் அவர் மீதே விழுகிறது. இவ்வளவு கடுமையான சட்டம் என்பதால்தான், பிடித்த பொட்டலத்தில் முத்திரை வைத்தது முதல், மாதிரி ஆய்வகம் போய்ச் சேர்ந்தது வரை ஒவ்வொரு படியையும் மேல்முறையீட்டில் துருவிப் பார்க்கிறார்கள். பறிமுதல் மகஜரில் (பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் ஆவணத்தில்) ஓர் எடையும் ஆய்வக அறிக்கையில் வேறோர் எடையும் இருந்து, அதற்கு விளக்கமும் இல்லையென்றால், வழக்கு ஆட்டம் காணும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2020இல், விசாரணை அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. என் பார்வையில் இது மிக அவசியமான பாதுகாப்பு.

நடுவர் (மாஜிஸ்திரேட்) அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதனையிடக் கோரும் உரிமையைச் சோதனைக்கு உள்ளாகிறவரிடம் சொல்லாவிட்டாலே விடுதலை என்று பலர் நினைக்கிறார்கள்; அந்த உரிமையைத் தரும் இச்சட்டத்தின் 50ஆம் பிரிவு உடற்சோதனைக்கு மட்டுமே உரியது, கையில் இருந்த பைக்கோ வாகனத்துக்கோ பொருந்தாது.